ரூட் கேனால்: கிருமியை விரட்டுவது மெஷினா, மருந்துத் தண்ணீரா?

‘ஒரே சிட்டிங்’, ‘வலியே தெரியாது’, ‘லேட்டஸ்ட் ரோட்டரி மெஷின்’. பல் கிளினிக் விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் படும் வார்த்தைகள் இவை. ரூட் கேனால் செய்யப் போகிறவர்கள் கேட்பதும் கிட்டத்தட்ட இதேதான்: எத்தனை தடவை வரணும், எவ்வளவு ஆகும், வலிக்குமா? கேட்பதில் தப்பில்லை. ஆனால் சிகிச்சை செய்த பல் இரண்டு வருடம் கழித்து மறுபடி வீங்குமா, வீங்காதா என்பதைத் தீர்மானிக்கும் கேள்வி இந்தப் பட்டியலில் இல்லை. வேருக்குள் இருக்கும் பாக்டீரியாவை எப்படி வெளியேற்றுகிறார்கள் என்பதுதான் அது.

மொத்தப் பிரச்சினையும் பாக்டீரியாதான் என்பது 1965-லேயே தெளிவாகிவிட்டது. அமெரிக்காவில் ககேஹாஷி குழுவினர் எலிகளின் பற்களில் துளை போட்டு, உள்ளே இருக்கும் பல் கூழைத் திறந்தபடியே விட்டார்கள். சாதாரண எலிகளுக்குக் கூழ் அழுகி, சீழ் பிடித்தது. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளுக்கோ, உணவுத் துணுக்குகள் உள்ளே போய் அடைத்தும் கூழ் பிழைத்துக்கொண்டது. திறந்த இடத்தை மூடப் புதுத் திசுவும் வளர்ந்தது. ஆகவே ரூட் கேனால் என்பது நரம்பை எடுக்கும் வேலை மட்டும் அல்ல, கிருமியைக் காலி பண்ணும் வேலை.

இதற்காக மருத்துவர் முதலில் செய்வது, ஊசி போன்ற மெல்லிய அரத்தால் வேர்க் குழாயைச் சுரண்டி அகலப்படுத்துவது. அந்த அரத்துக்கு ‘ஃபைல்’ என்று பெயர். முன்பு எல்லாமே கையால் திருகும் ஸ்டீல் ஃபைல்கள். இப்போது மோட்டாரில் சுற்றும் நிக்கல்-டைட்டானியம் ஃபைல்கள் வந்துவிட்டன. நன்றாக வளையும் என்பதால், வளைந்த வேரில் பாதை மாறாமல் போகும். வேலையும் சீக்கிரம் முடியும்.

சுரண்டினால் மட்டும் போதுமா?

போதாது. 1981-ல் ஸ்வீடனின் பைஸ்ட்ரோம், சுண்ட்க்விஸ்ட் இருவரும் கிருமிநாசினி எதுவும் சேர்க்காமல், ஃபைலால் சுரண்டி உப்புநீரால் மட்டும் கழுவிப் பார்த்தார்கள். பாக்டீரியா எண்ணிக்கை நூறில் ஒரு பங்காக, ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. கேட்க அட்டகாசமாக இருக்கிறது. ஆனால் பத்து லட்சம் இருந்த இடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால், இன்னும் ஆயிரம் பாக்கி. திரும்பப் பெருகுவதற்கு அதுவே தாராளம். பல சிட்டிங் சுரண்டிய பிறகும் சில பற்களில் கிருமி போகவே இல்லை.

காரணம், வேர்க் குழாய் ஸ்ட்ரா மாதிரி உருண்டையாக இல்லை. சில இடத்தில் தட்டையாக, ரிப்பன் போல இருக்கும். பக்கவாட்டில் கிளைகள் பிரியும். இரண்டு குழாய்களுக்கு நடுவே மெல்லிய இடுக்கு ஓடும். ஃபைலோ வட்டமாகத்தான் சுற்றும். மைக்ரோ-சிடி ஸ்கேனில் ஆராய்ந்த சூரிச் ஆய்வாளர்கள், எந்த வகை ஃபைல் போட்டாலும் குழாய்ச் சுவரில் 35 சதவீதமோ அதற்கு மேலோ தொடப்படாமலே இருக்கிறது என்று 2001-ல் சொன்னார்கள். இன்னொரு கூத்து: சுரண்டும்போது வரும் தூளையே ஃபைல் அந்த இடுக்குகளில் திணித்துவிடும்.

வாய் குறுகிய எண்ணெய் பாட்டிலைக் கழுவுவது போலத்தான். பிரஷ் போகாத மூலைக்கு சோப்புத் தண்ணீர்தான் போகணும். வேருக்குள் அந்த வேலையைச் செய்வது சோடியம் ஹைப்போகுளோரைட். வீட்டு ப்ளீச்சில் இருக்கும் அதே சரக்குதான். கிருமியைக் கொல்லும், செத்த திசுவையும் கரைக்கும். சுவரில் அப்பிய தூளை நீக்க இடிடிஏ என்று தனிக் கரைசல் இருக்கிறது.

அப்புறம் எதற்குச் சுரண்டணும்?

தண்ணீருக்கு வழி விடத்தான். கழுவும் ஊசியில் மெல்லிய ரகமே சுமார் 0.3 மில்லிமீட்டர் தடிமன். 25-ம் நம்பர் ஃபைலின் நுனி 0.25 மில்லிமீட்டர். அதோடு நிறுத்தினால் ஊசி வேர் நுனிக்குப் பக்கத்தில் போக முடியாது. ஊசி முனையைத் தாண்டித் திரவமும் அதிக தூரம் போவதில்லை. அடியில் சிக்கிய காற்றுக் குமிழி தடுத்துவிடும். அதனால்தான் திரவத்தை அல்ட்ராசானிக் கருவியால் அதிரவைப்பதும் உண்டு.

அப்படியானால் நல்லா அகலமாக்கிவிடலாமே? இங்கேதான் சிக்கல். பல்லின் பலமே அந்தச் சுவர்தான். அதிகம் சுரண்டினால் சுவர் மெலியும். நாளைக்கு முறுக்கு கடிக்கும்போது வேர் நெடுக்காகப் பிளந்தால், அந்தப் பல்லைப் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டும். குறைவாகச் சுரண்டினால் கிருமி மிச்சம். எந்தப் பல்லுக்கு எங்கே நிறுத்துவது என்பது மருத்துவரின் கையும் கண்ணும் எடுக்கும் முடிவு. மெஷின் எடுப்பதில்லை.

மிச்சம் இருந்தால் என்ன ஆகும்? 1997-ல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்று 55 பற்களைத் தொடர்ந்து கவனித்தது. குழாயை அடைக்கும் நேரத்தில் கிருமி தென்படாத பற்களில் 94 சதவீதம் குணமாகின. தென்பட்டவற்றில் 68 சதவீதம்தான்.

ஒரே சிட்டிங் என்றாலே மோசம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒரு சிட்டிங்கா, பலவா என்பதால் வெற்றியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றுதான் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் நவீன ஃபைல் சுரண்டும் நேரத்தைக் குறைத்ததே தவிர, மருந்து வேலை செய்யும் நேரத்தைக் குறைக்கவில்லை. மிச்சமான நேரத்தைக் கழுவுவதற்குக் கொடுக்காமல் அடுத்த பேஷன்ட்டைக் கூப்பிட்டால், அந்த ‘லேட்டஸ்ட்’ யாருக்கு லாபம்?

நாற்காலியில் உட்காரும் முன் கேட்க வேண்டியது இதுதான்: “டாக்டர், எதை வச்சுக் கழுவுவீங்க? ரப்பர் டேம் போடுவீங்களா?” ரப்பர் டேம் என்பது அந்தப் பல்லை மட்டும் வெளியே காட்டி, மற்ற வாயை மறைக்கும் மெல்லிய ஷீட். அது இல்லாவிட்டால் ஒரு பக்கம் கழுவக் கழுவ, மறுபக்கம் எச்சிலோடு புதுக் கிருமி உள்ளே இறங்கும். தொண்டைக்குள் ப்ளீச் வழிவதையும், ஃபைல் தவறி விழுவதையும் தடுப்பது அதே ஷீட்தான். கேப் போடுவதைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: தற்காலிக அடைப்பு கசிந்தால் எச்சில் மறுபடி உள்ளே போகும், கழுவியது வீணாகும்.