பிராட்பேண்ட் வாங்கியவருக்கு முகவரி எங்கே?



வீடுகளுக்கும் சிறு கடைகளுக்கும் பிராட்பேண்ட் விற்கும் நிறுவனங்கள் விளம்பரத்தில் வேகத்தைச் சொல்கின்றன, மாதக் கட்டணத்தைச் சொல்கின்றன, கூடவே எத்தனை ஓடிடி சந்தா என்று பட்டியல் போடுகின்றன. வெளியிலிருந்து எட்டக்கூடிய ஐ.பி. முகவரி அந்த இணைப்புக்கு உண்டா, இல்லையா என்பதை மட்டும் சொல்வதில்லை. பல திட்டங்களில் அது கிடையாது. கேபிள் இழுத்து, ரவுட்டரைச் சுவரில் மாட்டி, ஆறு மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டிய பிறகுதான் வாடிக்கையாளருக்கு இது தெரியவருகிறது. கேட்டால், "வீட்டு பிளானில் அதெல்லாம் வராது சார், பிசினஸ் பிளானுக்கு மாறுங்கள்" என்பதே பதில். இது ஏதோ கம்ப்யூட்டர் ஆர்வலர்களின் கவலை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒதுக்கிவைத்திருப்பதை நான் கடுமையாக ஆட்சேபிக்கிறேன்.

என்ன நடக்கிறது என்பதை எவரும் தம் வீட்டிலேயே பார்க்கலாம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, வெளி இணைப்புக்கான நிலவரத்தில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் ஐ.பி. எண்ணைக் காட்டும் ஏதாவது ஓர் இணையதளத்தைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்குப் பொது முகவரி இருக்கிறது. ரவுட்டரில் இருப்பது 10 என்று தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தாலோ உங்களுக்கு அது இல்லை. இந்த 100.64 வரிசை, சேவை நிறுவனங்களின் உள் உபயோகத்துக்கென்றே 2012இல் ஒதுக்கப்பட்டது. வெளியே தெரிகிற எண் நிறுவனத்துடையது; அதே நேரத்தில் அதே எண்ணில் இன்னும் பல வீடுகளும் கடைகளும் இயங்கிக்கொண்டிருக்கும். இந்த ஏற்பாட்டுக்குச் சி.ஜி.நாட் என்று பெயர். ஒரு தெரு முழுவதற்கும் ஒரே கதவு எண் கொடுத்துவிட்டதைப் போன்றது இது. நீங்கள் வெளியே எழுதலாம், அதற்குப் பதிலும் வரும். ஆனால் உங்களைத் தேடிப் புதிதாக யாரும் வந்துசேர முடியாது. வெளியிலிருந்து வரும் தொடர்பை உள்ளே திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கை உங்கள் ரவுட்டரில் போட்டும் பலனில்லை. அடைப்பு இருப்பது நிறுவனத்தின் கருவியில்.

இது யாருக்குத் தேவை என்று கேட்பவர்கள் திருப்பூரில் ஜாப் ஒர்க் செய்யும் ஒரு சிறு பனியன் யூனிட்டை எண்ணிப் பார்க்கட்டும். கணக்கெல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் டேலியில் இருக்கிறது. முதலாளி வெளியூரில் இருக்கும்போது பாக்கி விவரம் பார்க்க வேண்டும்; ஜிஎஸ்டி ரிட்டர்ன் நேரத்தில் ஆடிட்டர் தம் அலுவலகத்திலிருந்தே அதைத் திறக்க வேண்டும். இரண்டு கிளைகள் வைத்திருக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் இதே தேவைதான். இதற்கு வயர்கார்டு என்ற இலவச மென்பொருளே போதும். 2020 மார்ச்சில் லினக்ஸின் மையப் பகுதியிலேயே சேர்க்கப்பட்ட அது, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். இரு இடங்களுக்கு நடுவே பிறர் படிக்க முடியாத தனி வழியை அது அமைத்துக் கொடுக்கும். அதற்கு வேண்டியதெல்லாம் இரு முனைகளில் ஒன்றுக்காவது வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரி. அது இல்லாவிட்டால் எங்கோ ஒரு சர்வரை மாத வாடகைக்குப் பிடிக்க வேண்டும், அல்லது மூன்றாவது நிறுவனம் ஒன்றின் ரிமோட் சேவையை நம்ப வேண்டும். ஆக, தன் கணக்கைத் தானே பார்ப்பதற்கு இன்னொருவரிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

சிசிடிவி விஷயத்தில் இதன் விளைவு இன்னும் மோசம். கடையில் காட்சியைப் பதிவுசெய்யும் டிவிஆரை உரிமையாளரின் போன் நேரடியாக எட்ட முடியாதபோது, பல சமயங்களில் படம் கேமரா தயாரித்தவரின் சர்வர் வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறது. அந்த சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்பது கேமரா மாட்டிக் கொடுத்தவருக்கே தெரியாது. 2021 மார்ச்சில் அமெரிக்காவின் வெர்காடா நிறுவனத்தின் நிர்வாகக் கணக்கு ஊடுருவிகளிடம் சிக்கியபோது, மருத்துவமனைகள், சிறைகள், பள்ளிகள் உட்படச் சுமார் 1,50,000 கேமராக்களின் காட்சி அவர்களுக்குத் திறந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் வைஸ் நிறுவனத்தின் கோளாறால் சுமார் 13,000 பேருக்குப் பிறர் வீட்டுக் கேமராவின் படங்கள் தெரிந்தன. எல்லோருடைய காட்சியும் ஒரே இடத்தில் குவிந்தால், ஒரு சாவி தொலைந்ததும் எல்லா வீடும் திறந்துகொள்கிறது. நம் அரசுக்கும் இந்த அச்சம் இருப்பதால்தான் 2025 ஏப்ரல் முதல் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கியது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவலைத் திரட்டுபவர் மீதே அதைக் காக்கும் பொறுப்பைச் சுமத்துகிறது. பொறுப்பை எங்கள் தலையில் வைத்துவிட்டு, தகவலை எங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளும் வழியை அடைப்பது எப்படிச் சரியாகும்?

முகவரிகளே தீர்ந்துவிட்டன, நாங்கள் எங்கே போவது என்று நிறுவனங்கள் சொல்லும். பழைய ஐபிவி4 முறையைப் பொறுத்தவரை அது உண்மைதான். அதில் இருப்பதே சுமார் 430 கோடி எண்கள். உலக இருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஆசிய-பசிபிக் பகுதியின் பொது இருப்பு அதே ஆண்டு ஏப்ரலில் வற்றியது. தாமதமாக இணையத்துக்கு வந்த நம் நாட்டுக்குப் பங்கு குறைவாகவே கிடைத்தது. ஆனால் இந்தப் பற்றாக்குறைக்கு மருந்தாகத்தான் ஐபிவி6 வந்தது. அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் கோடானுகோடி முகவரிகள் கொடுத்தாலும் தீராது. அதைப் பயன்படுத்துவதில் உலகின் முன்னணி நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2016இல் ஜியோ தன் 4ஜி வலையமைப்பைத் தொடக்கத்திலேயே ஐபிவி6 கொண்டு அமைத்தது இதற்கு முக்கியக் காரணம். 2022 டிசம்பர் 31க்குப் பிறகு தரப்படும் கம்பிவழி இணைப்புகள் எல்லாம் ஐபிவி6 தாங்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2021 நவம்பரில் காலக்கெடுவும் விதித்தது. இருந்தும் ஊர்ப்புறத்துச் சிறு இணைப்புகள் பலவற்றில் அது ரவுட்டரில் முடக்கப்பட்டே கிடக்கிறது. அது இயங்கும் இடங்களிலும் உள்வரும் தொடர்பைத் தடுக்கும் அரண் பூட்டப்பட்டிருக்கிறது. அதைத் திறக்கும் நிர்வாகக் கடவுச்சொல் வாடிக்கையாளரிடம் இல்லை. தட்டுப்பாடே இல்லாத முகவரியைக் கொடுத்துவிட்டு அதையும் அடைத்துவைத்தால், அதற்குத் தட்டுப்பாட்டைக் காரணம் காட்ட முடியாது.

பாதுகாப்பு என்ற வாதத்தை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. 2016இல் மிராய் என்ற தீநிரல், தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டிருந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அவற்றைக் கொண்டு அந்த அக்டோபரில் இணையதளப் பெயர்களை முகவரிகளோடு இணைக்கும் டைன் நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதலில் ட்விட்டர் உள்ளிட்ட தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. விவரம் தெரியாதவர் வீட்டு இணைப்பைத் தொடக்கத்தில் அடைத்துக் கொடுப்பது நியாயமே. ஆனால் அந்த அடைப்பை நீக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை வாடிக்கையாளருக்கு இருக்க வேண்டும். கேமராவை நேரடியாக வெளியே காட்டுவதும், வயர்கார்டுக்கு ஒரே ஒரு போர்ட்டைத் திறப்பதும் ஒன்றல்ல. சரியான சாவி இல்லாமல் வந்து தட்டுபவருக்கு வயர்கார்டு பதிலே சொல்லாது. அங்கே ஒரு சேவை இருப்பதே வெளியாளுக்குத் தெரியவராது.

பொது முகவரியும் தனி வழியும் கொடுத்தால் குற்றவாளிகளைப் பிடிப்பது கஷ்டமாகிவிடும் என்பது இன்னொரு வாதம். உண்மை இதற்கு நேர்மாறானது. ஒரே முகவரியின் பின்னே பலர் இருப்பதால் குற்றம் செய்தவரைப் பிரித்தறிய முடியவில்லை என்று முறையிட்டு, சி.ஜி.நாட் முறைக்கு முடிவு கட்டும்படி 2017 அக்டோபரில் கேட்டது ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல்தான். நம் நாட்டில் 2022 ஏப்ரல் 28 அன்று அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த ஆணை, விபிஎன் எனப்படும் இத்தகைய தனி வழிச் சேவையை விற்கும் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் சேமித்துவைக்க வேண்டும் என்றது. அந்த ஆணையின் நன்மை தீமையை இங்கே நான் விவாதிக்கவில்லை. நிறுவனங்கள் தம் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளும் விபிஎன்னுக்கு அது பொருந்தாது என்று செர்ட்-இன்னே விளக்கம் தந்திருக்கிறது. தன் கடைக்கும் தன் வீட்டுக்கும் இடையே ஒருவர் போட்டுக்கொள்ளும் தனி வழியில் மறைந்திருக்கும் ஆள் யாருமில்லை. இரு முனையிலும் ஆதார் கொடுத்து இணைப்பு வாங்கிய அதே வாடிக்கையாளர்தான் இருக்கிறார்.

தொழிலுக்குத் தேவையென்றால் அதற்குரிய கட்டணத்தைக் கட்டட்டுமே என்பார்கள். அரிதான ஐபிவி4 முகவரிக்கு நியாயமான தொகை கேட்டால் தரலாம். அதை மட்டும் தனியாக விற்காமல், பல மடங்கு விலையுள்ள திட்டத்தோடு சேர்த்துத்தான் தருவோம் என்பதைத்தான் ஏற்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் இயற்றிய 2120ஆம் எண் விதிமுறை, இணையத்தில் தகவலைப் பெறும் உரிமையோடு அதைப் பரப்பும் உரிமையையும், சேவைகளைப் பயன்படுத்தும் உரிமையோடு வழங்கும் உரிமையையும், விரும்பிய கருவியை இணைத்துக்கொள்ளும் உரிமையையும் சந்தாதாரருக்கு ஒருசேரத் தருகிறது. ஜெர்மனியில் 2016 ஆகஸ்டு முதல் வாடிக்கையாளர் தம் விருப்பப்படி ரவுட்டர் வைத்துக்கொள்ளலாம். நாமும் சளைத்தவர்கள் அல்லர். 2016 பிப்ரவரியில் டிராய் பாரபட்சக் கட்டணத்தைத் தடை செய்ததும், 2018இல் இணையச் சமநிலை விதிகளை அரசு ஏற்றதும் உலகம் பாராட்டிய முடிவுகள். ஆனால் அந்த விதிகளில் சந்தாதாரர் வெறும் பார்வையாளராகவே கருதப்பட்டிருக்கிறார். அவர் பார்க்கும் தளங்களிடையே பாகுபாடு கூடாது என்றார்கள். அவரும் தம் இடத்திலிருந்து ஒரு சேவையை நடத்தலாம் என்பது விடுபட்டுப்போயிற்று.

ஆகவே டிராய் தன் சேவைத் தர விதிகளைத் திருத்த வேண்டும். சி.ஜி.நாட் உள்ள திட்டமா என்பது வேகத்துக்குப் பக்கத்திலேயே விளம்பரத்திலும் ரசீதிலும் அச்சாக வேண்டும். எல்லாக் கம்பிவழி இணைப்பிலும் ஐபிவி6 இயங்கவும், வாடிக்கையாளர் எழுதிக் கேட்டால் உள்வரும் அடைப்பைக் கூடுதல் கட்டணமின்றி நீக்கவும், ரவுட்டரின் முழுக் கடவுச்சொல்லைத் தரவும் அல்லது சொந்த ரவுட்டரை அனுமதிக்கவும் உத்தரவிட வேண்டும். நிலையான ஐபிவி4 முகவரியை வீட்டுத் திட்டத்தோடும் தனியாக வாங்க வழி வேண்டும். 12,525 ஊராட்சிகளை ஃபைபரால் இணைக்கும் திட்டத்தை வைத்திருக்கும் தமிழக அரசின் டான்ஃபிநெட், இந்த உத்தரவுக்குக் காத்திராமல் தன் இணைப்புகளில் இவற்றை இப்போதே நடைமுறைப்படுத்தலாம். வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை ரீசார்ஜ் செய்யும் முன், உங்கள் இணைப்புக்குப் பொது முகவரி உண்டா என்று சேவை நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். வரும் பதிலை டிராய்க்கு அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருப்பூர்.