அரை மைக்ரான் அழகு

ஜூலை மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பழைய ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள் பிரியர்களுக்குத் திருவிழா. அன்று காலை பெங்களூருவில் டூ-ஸ்ட்ரோக் புகை மண்டுகிறது. வரிசையாக நிற்கும் வண்டிகளைச் சுற்றி வருபவர்கள் அரக்கு நிற பெட்ரோல் டாங்க்கின் குரோம் பக்கத்தில் குனிந்து தங்கள் முகத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். வண்டிக்காரரின் கண்கள் அதே இடத்தில் வேறொன்றைத் தேடுகின்றன: எங்காவது கொப்புளம் கிளம்பியிருக்கிறதா?

அவர் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. மைசூரில் 1961இல் உற்பத்தியைத் தொடங்கிய ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996இல் மூடப்பட்டது. எஞ்சின் பாகங்களை லேத்தில் கடைந்துகொள்ளலாம். பெயின்ட்டை மீண்டும் அடிக்கலாம். போன குரோமைத் திரும்பப் பெற மட்டும் உள்ளூர் பிளேட்டிங் பட்டறையைத்தான் நம்ப வேண்டும். கட்டில் காலும் சைக்கிள் ஹேண்டில்பாரும் இறங்கிய அதே தொட்டியில்தான் அறுபது வயது டாங்க்கும் இறங்குகிறது.

குரோம் என்றதும் தடித்த கவசம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தப் பளபளப்புப் படலத்தின் தடிமன் பெரும்பாலும் அரை மைக்ரானைத் தாண்டாது. ஒரு மில்லி மீட்டரை இரண்டாயிரமாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு. துருவைத் தடுத்து நிறுத்துவது அதன் கீழே 10 முதல் 30 மைக்ரான் வரை படியும் நிக்கல். அதற்கும் கீழே செம்பு. செம்பு பள்ளங்களை நிரப்பும், நிக்கல் இரும்பைக் காக்கும், குரோமியம் நிக்கலை மங்காமல் வைத்திருக்கும். அவசரக்காரப் பட்டறைகள் செம்பை மறந்துவிடுகின்றன, நிக்கலைப் பேருக்குக் காட்டுகின்றன. வண்டி வீட்டுக்கு வரும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். முதல் மழைக்காலம் முடிந்ததும் புள்ளி புள்ளியாகத் துரு எட்டிப் பார்க்கும்.

செம்பு போடுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இரும்பை நேரடியாக அமிலச் செம்புக் கரைசலில் முக்கினால் மின்சாரம் பாயாமலே செம்பு அதன் மேல் படியும். ஆனால் பிடிப்பு இருக்காது, உரிந்து வந்துவிடும். அதனால் முதலில் சயனைடு கலந்த கரைசலில் மெல்லியதாக ஒரு பூச்சு. பிறகுதான் அமிலச் செம்பு. துருப் பள்ளம் ஆழமாக இருந்தால் செம்பைப் போட்டுத் தேய்த்து, மறுபடி போட்டு மறுபடி தேய்க்க வேண்டும். கூலி ஏறுவது இங்கேதான்.

சேதம் நடப்பது தொட்டிக்கு வெளியே. பஃபிங் சக்கரம் துருவோடு இரும்பையும் தின்கிறது. டாங்க்கின் மெல்லிய தகட்டில் ஓட்டை விழுகிறது. சக்கர ரிம்மில் பொறித்திருந்த எழுத்தும் அளவும் அழிகின்றன. ரிம் மிகவும் மெலிந்தால் ஸ்போக் இழுவையைத் தாங்காது. ஓடும் வண்டியில் இது விளையாட்டில்லை. சைலன்சர் இன்னொரு தலைவலி. பல வருட ஆயில் கரி உள்ளே இருக்க, அப்படியே தொட்டியில் இறக்கினால் கரைசலே கெட்டுவிடும்.

போல்ட், நட்டுகளுக்கு வழக்கமாகத் துத்தநாகம் அல்லது கேட்மியம் முலாம்தான். வண்டி முழுக்க மின்ன வேண்டும் என்ற ஆசையில் அவற்றுக்கும் குரோம் போடச் சொல்கிறவர்கள் உண்டு. அமிலத்திலும் மின்தொட்டியிலும் பிறக்கும் ஹைட்ரஜன் உறுதியான எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கச் செய்யும். முலாம் போட்ட சூட்டோடு சுமார் 200 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் அடுப்பில் வைத்தால்தான் அது வெளியேறும். இதைச் செய்யாத போல்ட், முறுக்கிய சில நாள் கழித்து எச்சரிக்கையே இல்லாமல் முறியலாம். பிரேக்கைப் பிடித்திருக்கும் போல்ட் அப்படி முறிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மின்ன வைக்கும் ஆசை வரலாற்றையும் அழிக்கும். குரோம் முலாம் வணிக அளவில் வந்தது 1920களின் நடுவில். அதற்கு முந்தைய மோட்டார் சைக்கிள்களில் மின்னியது நிக்கல், லேசான மஞ்சள் சாயலோடு. 1915ஆம் வருட வண்டியில் நீலச் சாயலோடு குரோம் ஜொலித்தால் விஷயம் தெரிந்தவர்கள் சிரித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

இந்தக் கதையில் பேசப்படாத ஒருவர் இருக்கிறார்: தொட்டியின் ஓரத்தில் நிற்பவர். குரோமிக் அமிலத் தொட்டியில் பாயும் மின்சாரத்தில் பெரும்பகுதி ஹைட்ரஜன் குமிழிகளை உண்டாக்கத்தான் செலவாகிறது. குமிழி உடையும்போதெல்லாம் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் பனித்துளியாய் மேலே எழுகிறது. அது மூக்கின் நடுத்தண்டைத் துளைக்கும். நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1990இல் உறுதிப்படுத்திய விஷயம். ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டம்பரிலிருந்து அனுமதி இல்லாமல் குரோமியம் டிரை ஆக்சைடைப் பயன்படுத்தக் கூடாது என்றது. சற்றே கருமையான பளபளப்பைத் தரும் மூன்று இணைதிறன் குரோமியம் மாற்றாக வந்திருக்கிறது. நம் ஊர்ச் சிறிய பட்டறைகளில் பலவற்றில் காற்றை உறிஞ்சும் விசிறிகூட இல்லை.

கழுவிய நீர் எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. விஷக் குரோமியத்தை ரசாயனத்தால் மாற்றி, சுண்ணாம்பு சேர்த்து, சேறாக வடித்தெடுக்கத் தெரிந்த வழி இருக்கிறது. செலவுதான் தடை. சைக்கிளுக்குப் பேர்போன லூதியானாவில் முலாம் பட்டறைகளின் கழிவு புத்தா நாலாவைக் கெடுத்த கதை ஊரறிந்தது. குரோமியம் மண்ணில் இறங்கினால் எவ்வளவு காலம் தங்கும் என்பதை, 1990களில் மூடப்பட்ட ஆலையின் கழிவுக் குவியலோடு வாழும் ராணிப்பேட்டைக்காரர்களிடம் கேட்கலாம்.

இதற்காகப் பழைய வண்டிகளைத் துருப்பிடிக்க விட வேண்டுமா? வேண்டாம். துரு மேலோட்டமாக இருந்தால், சமையலறை அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே கணிசமாகப் போய்விடும். தொழிற்சாலையில் போட்ட குரோம் கொஞ்சம் மங்கியிருந்தாலும் அதற்கு ஒரு கௌரவம் உண்டு. முலாம் போட்டே ஆக வேண்டும் என்றால் பட்டறைக்காரரிடம் விலையோடு இன்னும் மூன்று கேட்க வேண்டும்: எத்தனை மைக்ரான் நிக்கல்? போல்ட்டுகளைச் சுட வைப்பீர்களா? கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

மூன்றாவது கேள்விக்கு அவர் சாக்கடையைக் கைகாட்டினால், டாங்க்கை எடுத்துக்கொண்டு அடுத்த பட்டறைக்கு நடப்பது நல்லது. ஞாயிற்றுக்கிழமை அதில் முகம் பார்க்கும்போது கண்ணைத் தாழ்த்த வேண்டியிருக்காது.