ஹெல்ப்டெஸ்க் என்று ஒரு பெயர்

கணினிப் படிப்பு மாணவிகளுக்குப் பகுதி ஒன்று தமிழ் நடத்துகிறவள் நான். அவர்கள் வாங்கப்போகும் சம்பளத்தில் என் பாடத்துக்குப் பங்கில்லை என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தானோ என்னவோ, படித்து முடித்துப் போனவர்கள் என்னிடம் தயங்காமல் வருகிறார்கள். சென்ற ஆண்டு ஒருத்தி பயோடேட்டாவோடு வந்தாள். சென்னையில் ஒரு நிறுவனத்தில் இரண்டு வருடமாக ஹெல்ப்டெஸ்க் வேலை. அதே நிறுவனத்தின் தகவல் பாதுகாப்புப் பிரிவில் காலியிடம் இருந்திருக்கிறது. விண்ணப்பித்தாள். பாதுகாப்பில் அனுபவம் இல்லை என்று திருப்பிவிட்டார்கள்.

"ரெண்டு வருஷமா என்னம்மா செஞ்சே?" என்று கேட்டேன்.

"பாஸ்வேர்டு ரீசெட் பண்ணிக் குடுத்தேம்மா. டிக்கெட் க்ளோஸ் பண்ணினேன். அவ்வளவுதான்."

இந்த 'அவ்வளவுதான்' மீதுதான் எனக்குக் கோபம். துருவிக் கேட்டபோது ஒவ்வொன்றாக வந்தது. ஒருநாள் நடுராத்திரியில் ஒருவன் பெரிய அதிகாரியின் பெயரைச் சொல்லி அழைத்திருக்கிறான். ஐந்து நிமிடத்தில் மீட்டிங், கடவுச்சொல்லை உடனே மாற்றிக் கொடு என்று கத்தியிருக்கிறான். பதிவில் உள்ள எண்ணுக்கு நானே திரும்ப அழைக்கிறேன் என்று இவள் சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலை, மரியாதைக் குறைவாகப் பேசினாள் என்று இவள்மேல் புகார். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, அந்த அதிகாரி அழைக்கவே இல்லை. புகார் மட்டும் அந்த வருட மதிப்பீட்டில் அப்படியே நின்றது.

2023இல் அமெரிக்காவின் எம்ஜிஎம் ரிசார்ட்ஸ் சூதாட்ட விடுதிகள் முடங்கின. தாக்கியவர்கள் ஊழியர்போல நடித்து ஹெல்ப்டெஸ்க்குக்குப் போன் போட்டே உள்ளே நுழைந்தார்கள் என்று செய்திகள் வந்தன. ஏறத்தாழ 10 கோடி டாலர் பாதிப்பு என்று அந்த நிறுவனமே கணக்குக் காட்டியது. அப்படியானால் வாசலில் நிற்பது யார்? கதவு உடைந்தால் அது பாதுகாப்புத் தோல்வி. ஒரு பெண் கதவைத் திறக்க மறுத்தால் அது 'கஸ்டமர் சர்வீஸ்' குறைபாடு.

கல்லூரிக்கு வரும் வேலைவாய்ப்புப் பேச்சாளர்கள் சொல்கிறார்கள்: பெண்களுக்குப் பொறுமை அதிகம், குரல் இனிமை, ஹெல்ப்டெஸ்க் பொருத்தம், அங்கிருந்து உழைத்தால் எங்கும் போகலாம். எந்த வழியாக? வீட்டில் லேப் அமைத்துப் பழகு என்கிறார்கள். வீட்டில் இருப்பது தம்பியோடு பங்கு போடும் ஒரே லேப்டாப். அலுவலக லேப்டாப்பில் வேறு எதையும் நிறுவ விடமாட்டார்கள், அது சரியும்கூட. சான்றிதழ்த் தேர்வு எழுது, தேர்ச்சி பெற்றால் கட்டணத்தைத் திருப்பித் தருகிறோம் என்கிறது இவளுடைய நிறுவனம். முதலில் கட்டுவதற்கு யாரிடம் இருக்கிறது? இவள் சம்பளத்தில் பாதி வீட்டு நகைக் கடனுக்குப் போகிறது. வயர்ஷார்க் இலவசம், லினக்ஸ் இலவசம். நேரம் இலவசமாகக் கிடைக்கிறதா என்று அந்த மேடையில் யாரும் சொல்லவில்லை.

ஜோன் கிளார்க் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். 1940இல் பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க்கில் அவரை எழுத்தர் வேலைக்குத்தான் எடுத்தார்கள். சீக்கிரமே ஜெர்மன் கடற்படையின் எனிக்மா சங்கேதங்களை உடைக்கும் குழுவுக்குப் போனார். அந்த வேலைக்குரிய பதவியைப் பெண்ணுக்குத் தர வழியில்லை என்பதால், சம்பளத்தைக் கூட்டுவதற்காக அவரை மொழி வல்லுநர் ஆக்கினார்கள். படிவத்தில் பதவிக்கு எதிரே மொழி வல்லுநர் என்றும், தெரிந்த மொழிகளுக்கு எதிரே ஏதுமில்லை என்றும் எழுதுவது அவருக்கு வேடிக்கையாக இருந்ததாம். 1944இல் அந்தக் குழுவின் துணைத் தலைவர் ஆனார். மொழியைத் தவிர வேறெதுவும் தெரியாத எனக்கு இந்தக் கதை கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும். வேலையைப் பெண்ணிடம் வாங்கிக்கொண்டு பெயரை மட்டும் மறுக்கும் வித்தை நேற்று வந்ததல்ல.

இரண்டு மாலை உட்கார்ந்து அவள் பயோடேட்டாவைத் திருத்தினோம். அழைப்பவரின் அடையாளத்தைச் சரிபார்த்தது, ஆள்மாறாட்ட அழைப்பைத் தடுத்தது, சந்தேகமான மின்னஞ்சல்களைப் பாதுகாப்புப் பிரிவுக்குத் தெரிவித்தது, வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளை அன்றே முடக்கியது. ஒரு பொய்யும் சேர்க்கவில்லை. இதைப் படிக்கும் மாணவியே, நீயும் வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்து குறித்து வை. வாடிக்கையாளர் விவரம் எதையும் வெளியே எடுக்காதே. நீ செய்ததை உன் சொற்களில் எழுது. நீ எழுதாததை அவர்கள் எழுதமாட்டார்கள்.

இந்த முறை நேர்காணல்வரை போனாள். அங்கே கேட்ட முதல் கேள்வி: "நைட் ஷிஃப்ட் இருக்கும், வீட்டுல ஒத்துக்குவாங்களா?"

பாதுகாப்புக் கண்காணிப்பு இரவிலும் நடக்கும் வேலைதான். இணையத் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022இல் வந்த உத்தரவு. தூங்கிவிட்டுக் காலையில் பார்க்க முடியாது. ஆனால் அந்தக் கேள்வியை எந்த உரிமையில் கேட்கிறார்கள்? தொழிற்சாலைகளில் பெண்கள் இரவில் வேலை செய்வதற்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் போட்டிருந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் செல்லாது என்றது. தமிழ்நாட்டில் கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் இயங்கலாம் என்று 2019இல் அரசு ஆணையிட்டபோது, இரவு 8 மணிக்குமேல் பெண் வேலை செய்ய அவளுடைய எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும் என்றது. அவளுடைய சம்மதம். அப்பாவுடையதோ அண்ணனுடையதோ கட்டிக்கொள்ளப் போகிறவனுடையதோ அல்ல.

இன்னொன்றும் இருக்கிறது. இவள் இந்த இரண்டு வருடமும் பார்த்தது நைட் ஷிஃப்ட்தான். அமெரிக்காவிலிருந்து வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்ல ராத்திரி ஒன்பதுக்கு கேப் அனுப்பிய அலுவலகம், அப்போதெல்லாம் வீட்டில் ஒத்துக்கொள்வார்களா என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

"நீ என்ன சொன்னே?" என்றேன்.

"ரெண்டு வருஷ ஷிஃப்ட் ரோஸ்டரை உங்க சிஸ்டத்துலயே எடுத்துப் பாருங்க சார்னு சொன்னேம்மா. அவர் சிரிச்சாரு."

பதில் இன்னும் வரவில்லை. நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மணி பத்தரை. அவள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு யாருடைய அடையாளத்தையோ சரிபார்த்துக்கொண்டிருப்பாள்.