வருமான வரிக் கணக்கு: போர்ட்டலில் போடுவதா, கணினியில் இறக்கிப் போடுவதா?

ஜூலை மாதம் வந்துவிட்டால் அலுவலக கேன்டீனில் ஒரு கேள்வி சுற்றத் தொடங்கும். “ரிட்டர்ன் போட்டாச்சா?” அதற்கு ஆமாம் என்றால் அடுத்த கேள்வி, “எதுல போட்டீங்க?”

ஒருவர் “போர்ட்டல்லயே பத்து நிமிஷத்துல முடிச்சுட்டேன்” என்பார். இன்னொருவர் எக்செல் கோப்பை இறக்கி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நிரப்பியதைச் சொல்வார். மூன்றாமவர், “நமக்கெதுக்கு வம்பு? பிரௌசிங் சென்டர் தம்பி எல்லாத்தையும் பார்த்துக்குவாரு” என்று காபியை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

மூன்றும் அவரவர் வசதி என்றுதான் தோன்றும். ஆனால் தவறு நேர்ந்தால் நோட்டீஸ் வருவது பான் எண்ணுக்கு உரியவருக்குத்தான். மென்பொருளுக்கோ தம்பிக்கோ அல்ல. எந்த வழி என்று முடிவு செய்யும்போது முதலில் நினைவில் இருக்க வேண்டியது இதுதான்.

என்னென்ன வழிகள் இருக்கின்றன?

வருமான வரித் துறையின் இப்போதைய போர்ட்டல் 2021 ஜூன் 7 அன்று தொடங்கப்பட்டது. அதில் இரண்டு வழிகள். ஒன்று, உள்நுழைந்து அங்கேயே படிவத்தை நிரப்பி அனுப்புவது. இன்னொன்று, ‘ஆஃப்லைன் யூட்டிலிட்டி’ எனப்படும் மென்பொருளையோ எக்செல் கோப்பையோ கணினியில் இறக்கி, நிதானமாக நிரப்பி, கடைசியில் கிடைக்கும் ஜேசான் கோப்பைப் போர்ட்டலில் ஏற்றுவது. இரண்டுக்கும் ஒரு பைசா கட்டணம் இல்லை.

இவை தவிர, தனியார் இணையதளங்கள் உண்டு. ஆடிட்டர்கள் வைத்திருக்கும் கட்டண மென்பொருள்களும் உண்டு; அவை நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களைக் கையாள்பவர்களுக்கானவை. ஒரே ஒரு கணக்கு போடும் குடும்பஸ்தருக்கு அந்தச் செலவு தேவையில்லை.

பத்து நிமிட வழி யாருக்கு?

சம்பளம் அல்லது பென்ஷன், சொந்தமாக ஒரு வீடு, கொஞ்சம் வங்கி வட்டி, மொத்த வருமானம் 50 லட்சத்துக்குள். இப்படி ஐடிஆர்-1 படிவத்துக்குள் அடங்குபவருக்குப் போர்ட்டலே போதும். விவரங்களில் பெரும்பகுதி முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கும். படிவத்தின் புதிய பதிப்பு எது என்று தேட வேண்டியதில்லை. விண்டோஸ் கணினியும் வேண்டாம்.

ஆனால் அந்த ‘முன்கூட்டியே நிரப்பியது’ என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். துறையே போட்டுக் கொடுத்த கணக்கு, அதனால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். அந்த எண்கள் நிறுவனங்களும் வங்கிகளும் தாக்கல் செய்த விவரங்களிலிருந்து வருபவை. ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டின் டிடிஎஸ் விவரத்தைத் தாக்கல் செய்ய நிறுவனங்களுக்கு மே 31 வரை அவகாசம் இருக்கிறது. அதற்கு முன் அவசரப்பட்டுத் திறந்தால் பாதிக் கணக்குதான் தெரியும்.

ஆண்டு நடுவில் வேலை மாறியவரின் கதை இன்னும் சிக்கல். பழைய நிறுவனமும் புதிய நிறுவனமும் தனித்தனியாக 75,000 ரூபாய் நிலைக் கழிவைக் கழித்து வரி பிடித்திருக்கலாம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது அது ஒருமுறைதான் செல்லும். கையிலிருந்து வரி கட்ட வேண்டி வரும். அதனால் ஃபார்ம் 16, 26ஏஎஸ், ஏஐஎஸ் எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கை ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்த பிறகே பொத்தானை அழுத்த வேண்டும். பத்து நிமிடம் அரை மணி நேரமாகும். ஆகட்டுமே.

எப்போது கணினியில் இறக்க வேண்டும்?

பங்கு விற்றவர், வாடகை வீடுகள் வைத்திருப்பவர், வெளிநாட்டில் சொத்து உள்ளவர், சிறு தொழிலும் சம்பளமும் சேர்ந்தவர். இவர்களுக்கு ஆஃப்லைன் வழியே நல்லது. காரணங்கள் மூன்று.

முதலாவது, அவகாசம். போர்ட்டலில் சேமித்த வரைவு அதிகபட்சம் 30 நாள்தான் இருக்கும். நடுவில் படிவத்தின் அமைப்பு மாறினால் அதற்கு முன்பே போய்விடும். சொந்தக் கணினியில் வைத்த கோப்பு அப்படி மறையாது. பங்கு புரோக்கர் தந்த அறிக்கையை ஒரு பக்கம் திறந்து வைத்து, விற்பனை விற்பனையாக ஒப்பிட்டு நிரப்பலாம். மூலதன ஆதாய வரி விகிதம் 2024 ஜூலை 23-ல் மாறியபோது, அந்த ஆண்டுக் கணக்கில் அதற்கு முந்தைய விற்பனையையும் பிந்தைய விற்பனையையும் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. அதெல்லாம் ஒரே அமர்வில் முடிகிற வேலையில்லை.

இரண்டாவது, முழுப் படிவமும் கண்ணுக்குத் தெரியும். இணையவழிப் படிவம் முதலில் எந்தெந்தப் பகுதிகள் வேண்டும் என்று கேட்டு, மற்றவற்றை மறைத்துவிடும். எளிய கணக்குக்கு அது உதவி. சிக்கலான கணக்கில், தேர்வு செய்ய மறந்த பகுதி கண்ணிலேயே படாமல் போகும். எக்செல் கோப்பில் எல்லாப் பக்கமும் வரிசையாக நிற்கும். பார்க்க மிரட்டலாக இருந்தாலும் எதுவும் ஒளிந்துகொள்ளாது.

மூன்றாவது, பிரதி. பழைய கணக்கைத் துறை மீண்டும் திறக்க, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து பொதுவாக 3 ஆண்டு 3 மாதம் வரையிலும், விடுபட்டதாகக் கருதப்படும் வருமானம் 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 5 ஆண்டு 3 மாதம் வரையிலும் வாய்ப்பு உண்டு. அன்றைக்கு “இந்த எண் எப்படி வந்தது?” என்று கேட்டால் பதில் சொல்ல, வேலை செய்த கோப்பு கையில் இருக்க வேண்டும்.

குறைகளும் இல்லாமல் இல்லை. எக்செல் கோப்பில் மேக்ரோவை இயக்க வேண்டும். செல்போனில் வேலை செய்யாது. புதிய பதிப்பு வந்தால் மறுபடி இறக்க வேண்டும். கணினி கெட்டால் கோப்பும் போகும் என்பதால் பென் டிரைவில் ஒரு நகல் வேண்டும்.

கடைசி நாளில் இரண்டும் ஒன்றுதான்

“ஆஃப்லைன்ல போட்டா சர்வர் பிரச்சனை வராதுல்ல?” என்று கேட்பவர்கள் உண்டு. வரும். ஜேசான் கோப்பும் அதே போர்ட்டல் வழியாகத்தான் போக வேண்டும். நிரப்பிய உழைப்பு மட்டும் வீணாகாது. 2025-ல் ஜூலை 31 என்ற கடைசித் தேதி செப்டம்பர் 15-க்குத் தள்ளிப்போய், கடைசி நேரத்தில் மேலும் ஒரு நாள் நீட்டிக்கப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் அப்படி நடக்கும் என்று எண்ணிக் காத்திருப்பது ஆபத்து. தாமதக் கட்டணம் 5,000 ரூபாய்; மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. அனுப்பியதோடும் வேலை முடியாது. 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி போன்ற ஏதாவது ஒரு வழியில் சரிபார்க்காவிட்டால் உரிய தேதியில் போட்டதாகவே கணக்கில் வராது.

இடையில் நுழையும் கை

இணையவழியா கணினியா என்ற விவாதத்தைவிடப் பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. “சார், ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க” என்று கேட்கும் மூன்றாவது நபரிடம். “ரீஃபண்ட் நிறைய வாங்கித் தரேன்” என்பவரிடம் இன்னும் கூடுதல்.

2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை, பொய்யான கழிவுகளைக் காட்டிய கணக்குகள் தொடர்பாக நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை தொடங்கியது. போலிக் கழிவுகள் கண்டறியப்பட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. மொத்தமாகக் கணக்குப் போடும் இடைத்தரகர்கள் சிலர் தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளை உருவாக்கிப் பயன்படுத்திவிட்டுக் கைவிட்டதையும், அதனால் துறையின் நோட்டீஸ்கள் படிக்கப்படாமலே கிடந்ததையும் துறை சொன்னது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் மட்டும் சுமார் 40,000 பேர் 1,045 கோடி ரூபாய் அளவுக்கான பொய்க் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றிருந்தார்கள்.

குறையுள்ள கணக்கு என்று நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல 15 நாள்தான். அது யாரும் திறக்காத மின்னஞ்சலில் கிடந்தால், போட்ட கணக்கே செல்லாததாகிவிடும் அபாயம் உண்டு.

ஆடிட்டரிடம் போவதிலோ, கட்டணம் கட்டித் தனியார் தளத்தைப் பயன்படுத்துவதிலோ தவறில்லை. சிக்கலான கணக்குக்கு நல்ல ஆடிட்டர் கொடுக்கும் காசுக்கு மேல் உழைப்பார். ஆனால் போர்ட்டலில் பதிவான செல்போன் எண்ணும் மின்னஞ்சலும் கணக்குக்கு உரியவருடையதாகவே இருக்க வேண்டும். அனுப்புவதற்கு முன் படிவத்தின் முன்னோட்டத்தை வாங்கிப் படிக்க வேண்டும். அனுப்பிய பின் ஒப்புகைச் சீட்டோடு ஜேசான் கோப்பையும் கேட்டு வாங்கி வைக்க வேண்டும்.

எளிய கணக்குக்குப் போர்ட்டல், சிக்கலான கணக்குக்கு ஆஃப்லைன் யூட்டிலிட்டி, புரியாத இடத்துக்கு ஆடிட்டர். இதில் எதைத் தேர்ந்தாலும், கேன்டீனில் கேட்கப்படும் மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்: “என்ன போட்டிருக்குன்னு பார்த்தீங்களா?”