அரிசி வாங்கினவரா, சோறு வடித்தவரா?

எங்கள் காரைக்காலில் 'சொல்தா' என்றால், பிரெஞ்சு ராணுவத்தில் சேவகம் செய்து பென்ஷன் வாங்கும் பெரியவர் என்று அர்த்தம். எங்கள் தெரு சொல்தா மாமா, டி.வி.யில் ஃபுட்பால் ஓடினால் பிரஷர் மாத்திரையைக்கூட இடைவேளையில்தான் போடுவார்!

போன வாரம் அவரிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "சென்னையின் எஃப்.சி.க்கு ஜான் கிரிகரி மாதிரி கோச் வருமா மாமா? 2018 ஃபைனல்ல, பெங்களூருக்கே போய் பெங்களூரை 3-2ன்னு சாய்ச்சாரே!"

"அடுத்த சீஸன்?"

ஹி... ஹி... 18 மேட்ச்சில் 2 ஜெயம், 9 பாயிண்ட். பத்து டீமில் பத்தாவது இடம். 'கிரிகரியைத் தூக்கு!' என்று ஆபீஸ் கேன்டீனில் கூவியவர்களில் அடியேனும் உண்டு.

"ஒரே வருஷத்துல அந்தாளுக்கு மூளை கரைஞ்சு போச்சா மாப்ளே? கேப்டன் செரெனோ போயிட்டான். நம்ம வியாசர்பாடிப் பையன் தனபால் கணேஷ் முழங்கால் அடிபட்டு உட்கார்ந்துட்டான். 2000-ல ஐரோப்பியக் கோப்பை வாங்கின எங்க லெமேர், 2002 உலகக் கோப்பையில ஒரு கோல்கூட இல்லாம வீட்டுக்கு வரலையா? ஜிதான் தொடையைப் பிடிச்சுக்கிட்டா கோச் என்ன பண்ணுவான்?"

2019-லும் கிரிகரிக்கு விடியவில்லை. முதல் 4 மேட்ச்சில் கோலே கிடையாது. நவம்பரில் அவர் கிளம்ப, ஓவன் காயில் வந்தார். அதே டீம் எகிறி, 2020 மார்ச்சில் ஃபைனலுக்கே போய்விட்டது! கோவாவில், கொரோனாவால் காலியாகக் கிடந்த ஸ்டேடியத்தில் 3-1 என்று தோற்றது வேறு விஷயம்.

"அப்ப காயில்தான் கில்லாடி!" உடனே கட்சி மாறினேன்.

"15 கோல் போட்ட வால்ஸ்கிஸும் கிரிவெல்லாரோவும் யார் காலத்துல வந்தாங்க?"

கிரிகரி காலத்தில்! எனக்கு எங்கள் ஆபீஸ் ஞாபகம் வந்து சுருக்கென்றது. பழைய மேனேஜர் ராத்திரி பகலாக உட்கார்ந்து தயார் செய்த ஃபைலில், புதியவர் கையெழுத்து மட்டும் போட்டு மாலை வாங்கிக்கொண்டார். மாலை போட்ட மகானுபாவன் நானேதான். பழையவருக்கு இன்றுவரை ஒரு போன்கூடப் பண்ணவில்லை.

"காயிலையும் குறைச்சுச் சொல்லாதே" என்றார் மாமா. "கிரிகரி அரிசி பார்த்து வாங்கினான். 2018-ல தானே பொங்கியும் போட்டான். 2019-ல அவன் அடுப்பு எரியலை. காயில் வந்து அதே அரிசியைப் பதமா வடிச்சுட்டான். தோத்துக்கிட்டு இருக்கறப்ப பசங்க கோச் பேச்சைக் கேட்கறாங்களான்னு பாரு, அங்கே தெரியும் சங்கதி."

"சரி மாமா, ரெண்டு பேர்ல யார் பெரியவர்?"

"ரெண்டாவது பாதி ஆரம்பிச்சாச்சு. வாயை மூடு!"