அட்டெண்டர் புரமோஷன்

ஆபீசில் நான் சீனியர் கிளார்க் ஆவேனா, மாட்டேனா என்று மேனேஜர் எட்டு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறார். அதற்குள் வீட்டில் எனக்கு ஒரு பதவி கிடைத்துவிட்டது. அட்டெண்டர்!

டீ வாங்கி வரும் ஆபீஸ் அட்டெண்டர் இல்லை. வேலூர் ஆஸ்பத்திரிகளில் 'பேஷண்ட்டோட அட்டெண்டர் யாருப்பா?' என்று நர்ஸ் குரல் கொடுத்தால், ஒரு கையில் ஃபிளாஸ்க், மறு கையில் ஃபைலுமாக ஒருத்தர் அலறியடித்துக்கொண்டு எழுந்து ஓடுவாரே, அவர். சம்பளம் கிடையாது. கேஷுவல் லீவு கிடையாது. ஆனால் தப்பு பண்ணினால் மெமோ உண்டு. எனக்கு அந்த மெமோ ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தது.

அப்பா ஆம்பூரில் டேனரியில் 35 வருஷம் செலக்ஷன் பார்த்தவர். தோலை விரலால் தடவிப் பார்த்தே 'ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட்' என்று பிரித்துப் போடுவார். அவர் வாயால் 'ஃபர்ஸ்ட்' வாங்கிய தோல் ரொம்பக் குறைவு. நான் வாங்கியதே இல்லை! இப்போது ரிடையராகி, சுகர், பிரஷர் என்று இரண்டு பேரை வீட்டோடு வைத்திருக்கிறார்.

மாத்திரை கொடுப்பது அம்மா. அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. அவளுடைய மருத்துவ ஞானமெல்லாம் கலர்தான். பச்சை சுகருக்கு, வெள்ளை பிரஷருக்கு. வாங்கி வருவது நான். வாங்கி வந்து டி.வி. பக்கத்து டப்பாவில் போட்டுவிட்டால் என் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் வழக்கமான பச்சை மாத்திரை கடையில் இல்லை. "அதே மருந்துதான் சார், வேற கம்பெனி" என்று ரோஸ் கலரில் ஒரு பட்டை கொடுத்தார்கள். பெயர் வேறு, கலர் வேறு, உள்ளே இருப்பது ஒரே கிளிமிப்பிரைடு. அதில் தப்பில்லை. தப்பு என்னுடையது. பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் டப்பாவில் போட்டுவிட்டுப் போய்விட்டேன்.

ராத்திரி அம்மா மிச்சமிருந்த பச்சையைக் கொடுத்தாள். அப்பா டப்பாவில் ரோஸைப் பார்த்து, 'டாக்டர் புதுசா எழுதியிருக்கார் போல' என்று தானாகவே அதையும் போட்டுக்கொண்டார். அதற்கு மேல், பசியில்லை என்று அரை தோசையோடு எழுந்துவிட்டார்.

ரெண்டு மணிக்கு அம்மா எழுப்பினாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. போர்வையின் ஓரத்தை விரலால் தடவித் தடவி, "இது தேர்டுப்பா... தனியா போடு" என்கிறார். என்னைப் பார்த்த பார்வையில் நான் யாரோ ஒரு கூலியாள்.

மெஷினில் சுகர் 52. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. முழுங்கும் அளவுக்கு நினைவு இருந்ததால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். (நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரை ஏறிவிடும். நேராக 108-தான்.) கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 84. "என்னடா, எல்லாரும் முழிச்சிட்டிருக்கீங்க?" என்றார். அம்மா அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

அதோடு படுக்கப் போகவில்லை. இந்த வகை மாத்திரை மணிக்கணக்கில் வேலை செய்யும். ஏறின சுகர் மறுபடி இறங்கலாம். ரெண்டு பிஸ்கட் கொடுத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

வார்டு பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். எங்கள் ஷூ கம்பெனியில் ஒரு பெட்டி வெளியே போக வேண்டுமானால் ஆர்ட்டிகிள் நம்பர், கலர், சைஸ் மூன்றும் மேலே இருக்க வேண்டும். 40-ம் நம்பர் பெட்டியில் 41 போய்விட்டால் ஜெர்மனியிலிருந்து கடிதம் வரும். முன்பின் தெரியாத வெள்ளைக்காரன் காலுக்கு இத்தனை செக்கிங். அப்பா உயிருக்கு ஒரு பழைய பிஸ்கட் டப்பா!

இது என் வீட்டுக் கதை மட்டுமில்லை. மருந்தால் வரும் தவிர்க்கக்கூடிய பெரிய பாதிப்புகளை ஐந்து வருஷத்தில் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று 2017-ல் உலக சுகாதார நிறுவனமே இறங்கியது. எங்க ஊர்க்காரர்கள் இதில் இன்னும் முன்னோடி. சி.எம்.சி. 1957-ல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்தில், நோயாளியோடு வீட்டு ஆள் ஒருத்தரும் தங்குவதை வழக்கமாக்கினார்கள். வீட்டுக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளப்போகிறவர் அவர்தான்; அவரும் நோயைப் பற்றி, மருந்தைப் பற்றித் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான். அட்டெண்டர் என்றால் ஃபிளாஸ்க் தூக்குகிறவர் இல்லை என்று அப்போதே முடிவாகிவிட்டது. எனக்குத்தான் தகவல் லேட்டாக வந்தது.

இப்போது வீட்டில் கம்பெனி சட்டம். ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு டப்பா. மேலே டேப் ஒட்டி, தமிழில் மருந்தின் பெயர், எதற்கு, எப்போது, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா. பட்டையில் பெயரும் எக்ஸ்பைரி தேதியும் இருக்கிற ஓரத்தைக் கடைசி வரை வெட்டுவதில்லை. கலர் மாறினால், மூன்று பேருக்கும் தெரிந்த பிறகுதான் உள்ளே போகும். பழைய பட்டை தீர்ந்த பிறகுதான் புதுசு. 2021-ல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டுக்கே மாத்திரை வருகிறவர்கள், கடையிலும் அதையே வாங்கி இரட்டிப்பாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சாப்பாடு குறைந்தால் மாத்திரையை என்ன செய்வது என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

கொடுத்தாச்சா இல்லையா? அதற்குத் தினசரி காலண்டர். மாத்திரை போட்டதும் அன்றைய தாளில் 'கா', 'இ' என்று அம்மா எழுதிவிடுவாள். நேற்று அப்பா ராசிக்கு 'நஷ்டம்' என்று போட்டிருந்தது. அதன் மேலேயே பெரிதாக 'கா' எழுதிவிட்டாள்.

இன்னும் சில்லறை வேலைகள். பாத்ரூமுக்குப் போகும் வழியில் ராத்திரி விளக்கு. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும் என்பதால், கட்டில் ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழ வேண்டும். கடைசியாக அவர் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பாகம் தேய்ந்து கண்ணாடி மாதிரி வழுக்குகிறது. ஊரே உலகத்துக்கு ஷூ அனுப்புகிறது. என் அப்பா காலில் இது! அன்றைக்கே புதுசு வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை என் டப்பாக்களையெல்லாம் அப்பா வரிசையாக எடுத்துப் பார்த்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். ஒட்டியிருந்த டேப்பை விரலால் தடவினார்.

"செகண்ட்" என்றார்.

புரமோஷன்தான்!