ஒரு கையெழுத்தில் போன உரிமை

2025 ஜனவரி 20. வாஷிங்டன் நகரிலே ஒரு விளையாட்டு அரங்கம். ஆயிரக்கணக்கிலே கூட்டம். மேடையிலே ஒரு சிறு மேசை. அன்று நண்பகலிலே பதவியேற்ற குடியரசுத் தலைவர் டொனால்ட் டிரம்ப் அதன் முன் அமர்கிறார். ஆணைகள் ஒவ்வொன்றாக நீட்டப்படுகின்றன. கையெழுத்திடுகிறார், தூக்கிக் காட்டுகிறார், கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. முடிந்ததும், கையெழுத்திட்ட பேனாக்களை எடுத்துக் கூட்டத்தை நோக்கி வீசுகிறார்! தேர்த் திருவிழாவிலே வாழைப்பழம் வீசுவார்களே, அதுபோல! அன்று அவர் பிறப்பித்த ஆணைகளிலே ஒன்று, முன்னவர் பைடன் பிறப்பித்தவற்றுள் 78-ஐ ஒரே வீச்சிலே செல்லாக்காசாக்கிற்று.

வேடிக்கை பார்த்தவர்களுக்குப் பேனா கிடைத்தது. உழைப்பவனுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் நாம் கேட்கும் கேள்வி.

அமெரிக்க நாட்டிலே சட்டம் செய்யும் அதிகாரம் காங்கிரசுக்கு உண்டு. (காங்கிரஸ் என்றதும் தோழர்கள் கதர்ச் சட்டையை நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்நாட்டுச் சட்டமன்றத்துக்கே அதுதான் பெயர்!) அங்கே மசோதா வரும், விவாதம் வரும், வெட்டும் ஒட்டும் வரும், வாக்கெடுப்பு வரும். குடியரசுத் தலைவரின் ஆணைக்கோ இவை எதுவும் தேவையில்லை. அரசியல் சட்டமும் ஏனைய சட்டங்களும் தந்த அதிகாரத்துக்கு உட்பட்டு, தம் கீழுள்ள துறைகளுக்கு அவர் இடுகிற கட்டளை அது. ஒருவர் எழுதுவார், நாடு நடக்கும். அடுத்து வருபவர் அழிப்பார், நாடு திரும்பி நடக்கும்!

பதவியேற்ற மறுநாள், ஜனவரி 21 அன்று, டிரம்ப் இன்னொரு ஆணையிலே கையெழுத்திட்டார். 1965 செப்டம்பர் 24 அன்று லிண்டன் ஜான்சன் பிறப்பித்த 11246-ஆம் எண் ஆணை அதனாலே மாண்டது. அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்து பணம் பெறுகிற முதலாளி, வேலைக்கு ஆள் எடுப்பதிலே நிறம் பார்க்கக் கூடாது. பார்க்காமல் இருந்தால் மட்டும் போதாது, இதுவரை ஒதுக்கப்பட்டவர்களை உள்ளே கொண்டுவரத் திட்டமிட்டுச் செயல்படவும் வேண்டும் என்றது அந்த ஆணை. 1967-இலே பெண்களும் அதன் பாதுகாப்புக்குள் வந்தனர். அமெரிக்கத் தொழிலாளரிலே ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இத்தகைய ஒப்பந்த நிறுவனங்களிலே வேலை பார்க்கிறார் என்பது அந்நாட்டுத் தொழிலாளர் துறையின் கணக்கு. 59 ஆண்டுகள் நின்ற மதிலை இடிக்க ஒரு கையெழுத்து!

இடித்ததற்குச் சொன்ன காரணம் என்ன தெரியுமா? 'தகுதி'! புதிய ஆணையின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்கிறது. நம் பாட்டன் காலத்திலிருந்து நாம் கேட்டுக் கேட்டுப் புளித்த அதே சொல், கடல் கடந்தும் அதே வேலையைச் செய்கிறது!

மாண்ட ஆணை பிறந்த கதை பாட்டாளித் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. புல்மன் கம்பெனியின் படுக்கை வசதி ரயில் பெட்டிகளிலே பணி செய்தவர்கள் கருப்பினத் தொழிலாளர்கள். பயணிக்குப் படுக்கை விரிப்பார்கள், மூட்டை தூக்குவார்கள், பூட்சுக்கு மெருகு போடுவார்கள். அவர்களுக்குச் சொந்தப் பெயர்கூட இல்லை! முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயராலே எல்லோரையுமே 'ஜார்ஜ்' என்று கூப்பிட்டார்கள் வெள்ளைச் சீமான்கள். இந்த 'ஜார்ஜு'களை 1925-இலே சங்கமாக்கினார் பிலிப் ராண்டால்ஃப். கம்பெனி மிரட்டிற்று, வேலையை விட்டு விரட்டிற்று. பன்னிரண்டு ஆண்டுகள் போராடி, 1937-இலே புல்மன் கம்பெனியை ஒப்பந்தத்திலே கையெழுத்திட வைத்தார்கள்.

1941. உலகப்போர் அமெரிக்காவின் வாசலுக்கு வந்துவிட்டது. விமானத் தொழிற்சாலை, கப்பல் கட்டும் தளம், எங்கு பார்த்தாலும் ஆள் தேவை. ஆனால் கருப்பு ஆள் தேவையில்லை! ராண்டால்ஃப் அறிவித்தார்: ஜூலை 1-ஆம் நாள் தலைநகரை நோக்கிப் பேரணி! குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் அவரை அழைத்துப் பேசினார். எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டார். ஒரு லட்சம் என்றார் ராண்டால்ஃப். பேரணியைக் கைவிடச் சொன்னார்கள். ஆணை வராமல் கைவிட முடியாது என்றார். ஜூன் 25 அன்று 8802-ஆம் எண் ஆணை வந்தது: பாதுகாப்புத் தொழில்களிலும் அரசுப் பணியிலும் இன, நிற வேற்றுமை கூடாது! கருணையாலே சுரந்த மை அல்ல அது. தெருவிலே இறங்கக் காத்திருந்த கால்கள் எழுத வைத்த ஆணை.

அன்றைக்கே அதைச் சட்டமாக்கியிருக்க வேண்டும். ராண்டால்ஃபும் அதற்காகப் போராடினார். தென் மாநிலத்து நிறவெறி உறுப்பினர்கள் காங்கிரசிலே வழிமறித்தனர். ஆணையைக் கண்காணிக்க அமைந்த குழுவுக்குப் பணம் இல்லை என்றனர். 1946-இலே அந்தக் குழு செத்தது. பிறகும் ஆணைகள் வந்தன. 1948-இலே ட்ரூமன் படையிலே நிறவேற்றுமையை ஒழிக்கக் கட்டளையிட்டார். 1961-இலே கென்னடி, 1965-இலே ஜான்சன். ரீகன் காலத்திலே, 1985-இலே, ஜான்சனின் ஆணையை ஒழித்துவிட அவருடைய ஆட்கள் சிலர் முயன்றனர். அமைச்சரவைக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பியதால் முயற்சி முறிந்தது. கழுத்துக்கு வந்த கத்தி அன்று திரும்பிப் போயிற்று. அடுத்த நாற்பது ஆண்டுகளிலே அவ்வாணையைச் சட்டமாக்கிக் காத்தார்களா? இல்லை. 'நம்மவர்' என்று சொல்லிக்கொண்டவர்கள் வெள்ளை மாளிகையிலே இருந்த காலத்திலும் இல்லை!

எது தப்பியது என்று பாருங்கள். 1964-இலே இயற்றிய சிவில் உரிமைச் சட்டம் நிற்கிறது. வேலையிலே நிறம் பார்ப்பது இன்றும் குற்றந்தான். உடல் ஊனமுற்றோருக்கு 1973-இலும், போர் முடித்துத் திரும்பிய வீரருக்கு 1974-இலும் காங்கிரஸ் செய்த சட்டங்கள் இதே ஒப்பந்த முதலாளிகள்மீது கடமை சுமத்துகின்றன. அவை ஜனவரி 21-இலே சாகவில்லை. அவற்றின்மேல் பேனா ஓடாது!

நமக்கு இது அந்நியப் பாடமல்ல. நீதிக்கட்சி காலத்து வகுப்புவாரி உரிமை ஆணை 1951-இலே உச்சநீதிமன்றத்திலே வீழ்ந்தது. பெரியாரும் அண்ணாவும் மூட்டிய கிளர்ச்சித் தீயிலே, அரசியல் சட்டமே முதன்முறையாகத் திருத்தப்பட்டது. ஆணைகளால் வளர்ந்த 69 விழுக்காட்டுக்கு, 1992-இலே வந்த மண்டல் தீர்ப்பால் ஆபத்து வந்தது. 1993-இலே தமிழ்நாடு அதைச் சட்டமாக்கியது, 1994-இலே ஒன்பதாவது அட்டவணையிலே ஏறியது. அந்த முன்யோசனை அமெரிக்கத் தலைவர்களுக்கு இல்லாமற் போயிற்று.

"பேனா நல்லவர் கையிலே இருந்தால் போதாதா?" என்று கேட்பாருண்டு. 8802-இலே கையெழுத்திட்ட அதே ரூஸ்வெல்ட்டின் கையைப் பாருங்கள். எட்டு மாதம்கூட ஆகவில்லை. 1942 பிப்ரவரி 19, ஆணை எண் 9066. அதிலே 'ஜப்பானியர்' என்ற சொல்லே இல்லை! ஆனால் மேற்குக் கடற்கரையிலிருந்து ஜப்பானிய வழியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் விரட்டப்பட்டு, முள்வேலி முகாம்களிலே அடைக்கப்பட்டனர். மூன்றில் இரண்டு பங்கினர் அந்நாட்டுக் குடிமக்கள். குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை. 1944-இலே உச்சநீதிமன்றமும், ஆறு நீதிபதிகளுக்கு மூவர் எதிராக, அதைச் சரியென்றது. அதே நேரத்திலே, குண்டு விழுந்த ஹவாய்த் தீவிலே மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜப்பானிய வழியினர். அங்கே கூண்டோடு அடைக்கவில்லை! அவர்களை அடைத்தால் அங்கே வேலைக்கு ஆள் ஏது? 1988-இலே காங்கிரஸ் மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுத்தது. அதற்குள் எத்தனையோ பேர் மண்ணுக்குள் போய்விட்டிருந்தனர்.

இனி, தொழிற்சங்கத் தோழர்கள் கூர்ந்து கேட்க வேண்டிய செய்தி. மத்திய அரசு ஊழியர் சங்கம் வைத்துப் பேரம் பேசும் உரிமையை 1962-இலே கென்னடி ஆணையாகக் கொடுத்தார். 1978-இலே அது சட்டமாயிற்று. சட்டந்தான், ஆனால் அதிலே ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தார்கள்: நாட்டின் பாதுகாப்பைக் காரணங்காட்டிச் சில துறைகளைக் குடியரசுத் தலைவர் விலக்கலாம் என்று. 2025 மார்ச் 27 அன்று டிரம்ப் அந்த ஜன்னல் வழியாக உள்ளே புகுந்தார். உளவுத்துறையோடு நிற்கவில்லை. முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளை நடத்தும் துறை, சுற்றுச்சூழலைக் காக்கும் துறை, இன்னும் பல! நோயாளிக்கு மருந்து கொடுக்கும் நர்சம்மா சங்கத்திலே பேரம் பேசினால் நாடு கவிழ்ந்துவிடுமாம்! காவலருக்கும் தீயணைப்போருக்கும் மட்டும் விலக்கு அளித்தார். ஏன் என்று தோழர்களே ஊகித்துக்கொள்ளலாம். ஒரு நீதிமன்றம் தடுத்தது, மேல் நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. ஆகஸ்டிலே படைவீரர் நலத்துறை பெரும்பாலான சங்கங்களோடு இருந்த ஒப்பந்தங்களை முறித்துக்கொண்டது.

சங்கங்கள் ஓய்ந்துவிடவில்லை. அந்த ஆணையை ரத்துச் செய்ய ஒரு மசோதா வந்தது. பிரதிநிதிகள் சபையை நடத்துகிற தலைமை அதை எடுத்துக்கொள்ளவில்லை. எடுக்க வைக்க வழி ஒன்று உண்டு. 218 உறுப்பினர்கள் ஒரே மனுவிலே கையெழுத்திட வேண்டும். ஒருவரது கையெழுத்துக்கு எதிராக 218 கையெழுத்து! அதையும் திரட்டினார்கள். டிரம்பின் கட்சிக்காரர் சிலரே கையெழுத்திட்டனர். 2025 டிசம்பரிலே மசோதா அந்தச் சபையிலே நிறைவேறியது. அது சட்டமாக வேண்டுமானால் செனட் சபையும் ஏற்க வேண்டும், பிறகு டிரம்பின் மேசைக்கே போக வேண்டும். அவர் மறுத்தால், இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கினர் எழுந்து நிற்க வேண்டும்.